டிரிபிள் ஈ மூன்றாம் ஆண்டு, ஊர்ப்பக்கத்துக் கல்லூரி. கோடையில் இன்டர்ன்ஷிப் கிடைக்க வழி சொல்லுங்கள்

சாத்தூர்ப்பையன் | பிப்ரவரி 9, இரவு 10.40

அண்ணன்கள், அக்காக்கள் எல்லோருக்கும் வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு தனியார் கல்லூரியில் டிரிபிள் ஈ (மின், மின்னணுப் பொறியியல்) மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மே மாதக் கடைசியில் செமஸ்டர் தேர்வு முடிந்ததும் ஒரு மாதம் எங்காவது இன்டர்ன்ஷிப் போக ஆசை.

நவம்பரிலிருந்து இன்டர்ன்ஷாலா, லிங்க்டின் வேலைவாய்ப்புத் தளங்கள் இரண்டிலும் சேர்த்து 84 இடங்களுக்கு விண்ணப்பித்தேன். நோட்டில் எண்ணி வைத்திருக்கிறேன். மூன்று பதில் வந்தது. ஒன்று, வீடு வீடாகப் போய் ஆள் பிடிக்கும் விற்பனை வேலை. இன்னொன்று, 2,999 ரூபாய் பதிவுக் கட்டணம் கட்டினால் ஆன்லைனில் ஒரு மாத இன்டர்ன்ஷிப், சான்றிதழ் உறுதி. மூன்றாவது, தேர்வாகவில்லை என்ற மெயில்.

கல்லூரியில் கேட்டால், "இடத்தை நீயே பிடித்துக்கொண்டு வா, லெட்டர் தருகிறோம்" என்கிறார்கள். அப்பா தீப்பெட்டி ஆலையில் வேலை செய்கிறார். அந்த 2,999 ரூபாயைக் கட்டலாமா? பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய் தருகிறார்களாமே, அதற்கு நான் போடலாமா?

கோடிங் சுமார்தான். மோட்டார், மின்சார இயந்திரங்கள் பிடிக்கும். லீவு நாட்களில் மாமாவின் மோட்டார் காயில் (செம்புக் கம்பிச் சுருள்) கட்டும் கடையில் உட்கார்ந்திருப்பேன்.

நெய்தல்நிலா | பிப்ரவரி 9, இரவு 11.15

தம்பி, அந்தப் பணத்தைக் கட்டாதே. போன வருடம் நான் கட்டினேன். அதுவும் கிட்டத்தட்ட இதே தொகைதான். கட்டிய அன்றே ஆஃபர் லெட்டர் வந்தது. வாட்ஸ்அப் குழுவில் முந்நூறு பேருக்கு மேல் இருந்தோம். மூன்று 'டாஸ்க்' கொடுத்தார்கள்: ஒரு கால்குலேட்டர், ஒரு லாகின் பக்கம், ஒரு வானிலை ஆப். செய்து அனுப்பியதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு தோழி வெற்று ஃபைலை அனுப்பினாள், அவளுக்கும் 'சிறப்பான பணி' என்று சான்றிதழ் வந்தது. பிறகு ஒரு நேர்காணலில், "இந்த ஒரு மாதத்தில் உங்கள் வேலையை யார் திருத்தினார்கள்?" என்று கேட்டார்கள். சொல்ல ஒரு பெயர் இல்லை எனக்கு. அம்மா சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்த காசு அது.

ஒரு கம்பெனி நிஜமா என்று பார்க்க, கம்பெனி விவகாரத் துறையின் எம்சிஏ தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். எப்போது பதிவானது, முகவரி என்ன என்று காட்டும். பதிவாகியிருந்தால் மட்டும் யோக்கியம் என்று ஆகிவிடாது, ஆனால் பிரைவேட் லிமிடெட் என்று சொல்லிக்கொண்டு பதிவே இல்லாதவர்களை அங்கேயே கழித்துவிடலாம். யாராவது ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு.

கதிர்_கடைசிபெஞ்ச் | பிப்ரவரி 10, காலை 7.05

பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் உங்களுக்கு இல்லை நண்பா. 2024 அக்டோபரில் தொடங்கியபோது நானும் ஆசையாக விதிமுறையைப் படித்தேன். 21 முதல் 24 வயது, அதோடு முழுநேரப் படிப்பில் இருக்கக் கூடாது என்று வைத்தார்கள். பயிற்சியும் 12 மாதம். அந்த விதிப்படி, படிக்கும்போது போவதற்கு அது ஆகாது. டிகிரி முடித்த பிறகு அப்ரன்டிஸ் பயிற்சி என்று தனியாக ஒன்று இருக்கிறது, 1961-ஆம் வருடச் சட்டத்தின்கீழ் வருவது. அதற்கான தென்மண்டல வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது பார்க்க வேண்டியது ஏஐசிடிஇ-யின் (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) இன்டர்ன்ஷிப் தளம். மாணவர்களுக்கு இலவசம்.

அப்புறம் ஒரு விஷயம். சில பொதுத்துறை ஆலைகள் இன்பிளான்ட் டிரெயினிங்குக்கு (ஆலைக்குள் தரும் பயிற்சி) கட்டணம் வாங்குகின்றன. அது மோசடி இல்லை, அறிவிப்பில் போட்டு ரசீதோடு வாங்குவது. ஆனால் அதில் பெரும்பாலும் சுற்றிக் காட்டுவார்கள், நாம் வேலை செய்ய மாட்டோம். எது வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுப் போங்கள்.

கொங்குப்பட்டறை | பிப்ரவரி 10, இரவு 9.30

தம்பி சாத்தூர், நான் கோவை கணபதிப் பக்கம் ஒரு பம்ப் மோட்டார் தொழிற்சாலையில் டெஸ்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் 46 பேர் வேலை செய்கிறோம். பதினோரு வருடமாகக் கோடையில் இரண்டு மூன்று மாணவர்களை எடுக்கிறோம். ஒரு தடவைகூட எந்தத் தளத்திலும் விளம்பரம் போட்டதில்லை. எங்களைப் போன்ற சின்னத் தொழிற்சாலைகளில் ஆள் எடுப்பதற்கென்று தனிப் பிரிவே கிடையாது, யார் உட்கார்ந்து போடுவது? நீங்கள் எண்ணி வைத்திருக்கும் 84-இல் எங்களைப் போன்றவர்கள் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார்கள்.

உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். காயில் கட்டும் கடையில் உட்கார்ந்திருப்பேன் என்று கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அனுப்பும் கடிதத்தில் அதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும்.

பிப்ரவரி, மார்ச்சில் எங்களுக்கு வரும் மெயில்கள் எல்லாம் ஒரே அச்சு. உங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் வாய்ப்பு வேண்டி என்று தொடங்கும். எங்கள் பெயர் எங்கேயும் இருக்காது. அனுப்பிய இடத்தில் இருபது கம்பெனிகளின் முகவரி வரிசையாகத் தெரியும். பைதான், மெஷின் லேர்னிங், ஐஓடி எல்லாம் தெரியும் என்று இருக்கும், கூடவே பத்துச் சான்றிதழ். நான் தேடுவது மூன்றே விஷயம்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வருவார், எங்கே தங்குவார், மோட்டாரைக் கழற்றிப் பார்த்திருக்கிறாரா. இந்த மூன்றும் இருக்கும் கடிதம் வருடத்துக்கு இரண்டு வந்தால் பெரிது.

பெரிய வேலை கொடுப்போம் என்று நினைக்க வேண்டாம். மூன்று வருடம் முன்னால் ஈரோட்டுப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தார். முதல் வாரம் அவருக்குக் கொடுத்தது, வைண்டிங் (காயில் சுற்றுவது) முடிந்த ஸ்டேட்டர்களின் (மோட்டாரின் சுழலாத பகுதி) ரெசிஸ்டன்ஸை, அதாவது மின்தடையை, அளந்து நோட்டில் எழுதுவது. சலிப்பான வேலைதான். நான்காம் நாள் சாயங்காலம் நோட்டோடு வந்து நின்றார். "சார், எல்லாம் ஒரே மாடல். ஆனால் காலையில் எடுத்ததைவிட மத்தியானம் எடுத்தது எல்லாமே கொஞ்சம் கூட இருக்கிறது" என்றார். எங்களுடையது தகரக் கூரை. காலையில் 26 டிகிரி இருந்தால் மத்தியானம் 38-க்குப் போகும். செம்புக் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் ஏறும். பன்னிரண்டு டிகிரிக்கு ஐந்து சதவீதத்தைத் தொட்டுவிடும். நாங்கள் வைத்திருந்த வரம்பே ஐந்து சதவீதம்தான். மத்தியானத்தில் நல்ல ஸ்டேட்டர்களைக் குறையுள்ளது என்று ஒதுக்கிக்கொண்டிருந்தோம். இது பாடப் புத்தகத்தில் இருக்கும் விஷயம். எங்களுக்கும் தெரியும், ஆனால் யாரும் நோட்டைப் பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு அவர் ஸ்கேலை வைத்து ரெசிஸ்டன்ஸுக்குப் பக்கத்தில் டெம்பரேச்சருக்கு ஒரு கட்டம் போட்டார். இன்றைக்கும் அந்தக் கட்டத்தில்தான் எழுதுகிறோம். இப்போது ஒசூரில் நல்ல வேலையில் இருக்கிறார். அவர் வேலைக்குப் போட்டபோது அந்தக் கம்பெனியிலிருந்து எனக்குத்தான் போன் வந்தது. கால் மணி நேரம் பேசினேன்.

கம்பெனி முகவரிக்கு எங்கேயும் அலைய வேண்டாம். மாமா கடைக்கு வரும் மோட்டார்களின் நேம் பிளேட்டைப் பாருங்கள். கம்பெனி பெயர், ஊர், ஐஎஸ் (இந்தியத் தரநிலை) எண் எல்லாம் அதிலேயே இருக்கும். மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்தது) என்றால் 9079, நீர்மூழ்கி என்றால் 8034. எந்த மோட்டார் எந்தப் பழுதோடு வருகிறது என்று மாமாவுக்கு அத்துப்படியாக இருக்கும். அதை எழுதுங்கள்.

சாத்தூர்ப்பையன் | பிப்ரவரி 16, மாலை 6.20

அண்ணா, சனி ஞாயிறு இரண்டு நாளும் மாமா கடையில்தான் இருந்தேன். ஆறு மாதத்துப் பில் புத்தகத்தைப் புரட்டி, அவரிடம் கேட்டுக் கேட்டு 61 மோட்டார்களின் பழுதை எழுதிவிட்டேன். "இதையெல்லாம் எதுக்குடா எழுதுற?" என்று முதலில் கேட்டவர், அப்புறம் அவரே ஒவ்வொன்றுக்கும் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். கடிதம் இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

"ஐயா, உங்கள் 1 எச்பி மோனோபிளாக் மோட்டார்களில் சென்ட்ரிபியூகல் சுவிட்ச் ஒட்டிக்கொண்டு ஸ்டார்ட்டிங் காயில் அடிக்கடி கருகிவிடுகிறது. ஆறு மாதத்தில் நான்கு வந்துள்ளது. இதைச் சரிசெய்வது பற்றி உங்கள் கம்பெனியில் ஒரு மாதம் பயிற்சி பெற விரும்புகிறேன்."

கொங்குப்பட்டறை | பிப்ரவரி 16, இரவு 8.50

விஷயம் அருமை, சொன்ன விதம் வேண்டாம். எந்த முதலாளியும் தன் மோட்டாரின் குறையை முதல் வரியில் படிக்க விரும்ப மாட்டார். அதுவும் நான்கு மோட்டாரை வைத்து 'அடிக்கடி' என்று சொல்ல முடியாது. கேள்வியாகக் கேளுங்கள். கடிதத்தை இப்படி மாற்றலாம், விவரங்களை மட்டும் உங்கள் கணக்குப்படி திருத்திக்கொள்ளுங்கள்:

"ஐயா, சாத்தூரில் என் மாமாவின் காயில் கட்டும் கடையில் மூன்று வருடமாக விடுமுறையில் வேலை செய்கிறேன். சிங்கிள் பேஸ் மோட்டாருக்குக் காயில் சுற்றிச் செருகவும், மெக்கர் வைத்துப் பார்க்கவும் தெரியும். ஆறு மாதத்தில் வந்த 61 மோட்டார்களின் பழுதைக் குறித்து வைத்துள்ளேன். உங்கள் மோனோபிளாக் ஏழு வந்தன. நான்கில் ஸ்டார்ட்டிங் காயில் கருகியிருந்தது. எங்கள் பக்கத்து வோல்டேஜ் குறைவு இதற்குக் காரணமாக இருக்குமா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். ஜூன் 1 முதல் 28 வரை டெஸ்டிங் அல்லது வைண்டிங் பிரிவில் பயிற்சி பெற அனுமதிக்க வேண்டுகிறேன். கோவையில் தங்கிக்கொள்வேன். கல்லூரிக் கடிதம் கொண்டு வருவேன்."

அந்த 61-இன் பட்டியலை ஒரு பக்கத்தில் இணையுங்கள். சான்றிதழ் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனிக் கடிதம். நான்கு நாள் கழித்து, காலை 11 மணிக்கு மேல் போன் செய்யுங்கள். அதற்கு முன்னால் உற்பத்தி லைனை ஓட்டிவிட எல்லோரும் பட்டறைக்குள்தான் நிற்போம்.

சிவப்புத்துண்டு | பிப்ரவரி 17, காலை 8.10

எல்லோரும் நல்லதைத்தான் சொல்கிறீர்கள். ஆனால் பணத்தை யாரும் பேசவில்லை. கோவையில் விடுதி 5,500, இரண்டு வேளைச் சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்தால் மாதம் 9,000-க்குக் குறையாது. தீப்பெட்டி ஆலைக் கூலியில் இது எங்கிருந்து வரும்? சம்பளமில்லாப் பயிற்சி வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் கட்டுப்படி ஆகும். அப்படிப் போனவனுக்குத்தான் நாளைக்கு வேலையும் கிடைக்கிறது. நான் படித்தபோது இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள், காசில்லாமல் விட்டேன். மே மாதம் முழுக்கக் கல்யாண மண்டபத்தில் பரிமாறப் போனேன். எட்டு மணி நேரம் பெட்டி அடுக்கச் சொல்லிவிட்டு அதற்குப் பயிற்சி என்று பெயர் வைத்தால் ஒத்துக்கொள்ளாதே தம்பி. அது கூலி வேலை, கூலி கேள்.

கொங்குப்பட்டறை | பிப்ரவரி 17, இரவு 10.05

சிவப்புத்துண்டு சொல்வது நியாயம். நாங்களும் முதலில் எதுவும் கொடுக்கவில்லை. 2019-இல் வந்த ஒரு பையன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர் டேங்க் பக்கம் போய் நின்றுவிடுவான். எங்கள் சமையல் அக்காதான் கவனித்து, "அந்தப் பையன் ஒரு வாரமா சாப்பிடலை சார்" என்றார். எனக்குப் பக்கத்து டேபிளில் வேலை செய்தவன், நான் கவனிக்கவில்லை. இன்றைக்கும் மனசு கேட்கவில்லை. அன்றைக்கே முதலாளியிடம் பேசினேன். அதிலிருந்து மாதம் 4,000 ரூபாயும் மத்தியானச் சாப்பாடும் உண்டு.

தம்பி, போனில் பேசும்போதே கேட்டுவிடுங்கள். "ஏதாவது தருவீர்களா?" என்று இழுக்காதீர்கள். "மத்தியானச் சாப்பாடும் பஸ் செலவும் கிடைக்குமா, தங்க ஆலைப் பக்கம் இடம் இருக்கிறதா?" என்று குறிப்பாகக் கேளுங்கள். சின்ன இடங்களில் இதற்கு ஆமாம் என்று சொல்வது சுலபம். எல்லோரும் ஏழு எட்டு வாரம் தங்க வேண்டும் என்பதும் இல்லை. நான்கு வாரம் முழுசாக இருந்தாலே நிறையப் பார்க்கலாம்.

தரமணிவாசி | பிப்ரவரி 19, மதியம் 1.40

இழையை அறிவியல் பிள்ளைகளும் படிப்பார்கள் என்பதால் இதைச் சேர்க்கிறேன். நான் அரசு கலைக் கல்லூரியில் பிஎஸ்சி இயற்பியல். ஆய்வகத்தில் கோடைப் பயிற்சி வேண்டுமென்றால் நாள்காட்டி முக்கியம். அறிவியல் அகாதமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகைக்கு முந்தின வருடத்தின் கடைசி மாதங்களிலேயே விண்ணப்பம் போய்விட வேண்டும். மார்ச்சில் விழித்தால் அடுத்த வருடம்தான். சென்னை ஐஐடியின் கோடைப் பயிற்சி அறிவிப்பு பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும், வெளிக் கல்லூரி மாணவர்களுக்கானது.

இவை தவிரப் பேராசிரியர்களுக்கு நேரடியாக எழுதலாம். நான் 23 பேருக்கு எழுதினேன். முதல் பதினைந்தும் ஒரே கடிதம், ஒன்றுக்கும் பதில் இல்லை. அப்புறம் வாரத்துக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டு, அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்தேன். பாதிக்கு மேல் புரியாது. புரிந்த பகுதியில் ஒரு படத்தைப் பற்றிக் கேள்வி கேட்டு எழுதினேன். எட்டுக் கடிதத்துக்கு இரண்டு பதில், அதில் ஒன்று இடம். "உன் கேள்வி தவறு, ஆனால் படித்திருக்கிறாய்" என்று பதில் தொடங்கியது.

பச்சைப்பேனா | பிப்ரவரி 19, மாலை 4.00

பி.காம் மக்களுக்கு ஒரு வரி. உங்கள் ஊர் ஆடிட்டர் ஆபீஸைவிட நல்ல இடம் கிடையாது. ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலுக்கு மாதம் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி என்று கடைசி நாள் இருக்கும். அந்தத் தேதிகளை ஒட்டிப் போய்க் கேட்காதீர்கள், யாருக்கும் நிமிர்ந்து பார்க்க நேரமிருக்காது. 22-க்கு மேல் போங்கள். ஜூன், ஜூலையில் வருமான வரிக் கணக்குக் குவியும்போது கூடுதல் கை வேண்டும், பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள்.

வைகைக்கரை | பிப்ரவரி 21, இரவு 9.15

நான் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு. வகுப்பில் நான்கு பெண்கள்தான். சின்னத் தொழிற்சாலைக்குப் போக எனக்கு ஆசை. வீட்டில் "தெரியாத ஊர், ஆம்பளைங்க வேலை செய்ற இடம்" என்கிறார்கள். எப்படிப் பேசுவது?

நெய்தல்நிலா | பிப்ரவரி 21, இரவு 10.30

பயம் நியாயமானது தங்கச்சி, அதை வீட்டில் மறுத்துப் பேசாதே. கேள்விகளாக மாற்றிக் கம்பெனியிடம் கேள். வேறு பெண்கள் வேலை செய்கிறார்களா? தனிக் கழிப்பறை இருக்கிறதா? பகல் ஷிப்ட் மட்டும்தானே? பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. பயிற்சிக்கு வருபவர்களும் அந்தச் சட்டத்தில் அடக்கம். அதைவிடச் சின்ன இடம் என்றால் மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதும் பதில் வந்தால் நல்ல அறிகுறி.

முதல் நாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ. அவர் ஒரு தடவை இடத்தைப் பார்த்துவிட்டு, மேலாளரோடு டீ குடித்துவிட்டு வந்தால் பாதி பயம் போய்விடும். எங்கள் அப்பாவுக்கு அப்படித்தான் போனது.

கணினிக்கோடு | பிப்ரவரி 23, காலை 11.20

கோடிங் பக்கம் இருப்பவர்களுக்கு: திறந்த மூல மென்பொருள் திட்டங்களில் கோடிங் செய்யும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005-இலிருந்து நடக்கிறது. 18 வயது ஆனவர்கள் போடலாம். 2022 முதல் மாணவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை. உதவித்தொகை உண்டு. மார்ச், ஏப்ரல் வாக்கில் திட்டவரைவு கொடுக்க வேண்டும். ஆனால் அதற்குச் சில மாதம் முன்பே நீங்கள் சேர விரும்பும் மென்பொருள் திட்டத்தின் மடற்குழுவில் (மின்னஞ்சல் குழு) பேசி, இரண்டு சின்னப் பிழையாவது சரிசெய்திருந்தால்தான் உங்களை அவர்களுக்குத் தெரியும். தமிழில் பேசிப் பழக காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவின் ஞாயிற்றுக்கிழமைக் கூடுகைகள் நல்ல தொடக்கம்.

சாத்தூர்ப்பையன் | மார்ச் 22, இரவு 7.45

12 கம்பெனிகளுக்குத் தனித்தனியாக எழுதினேன். ஐந்து பேருக்கு மெயில் முகவரி இல்லை, தபாலில் அனுப்பினேன். நான்கு நாள் கழித்து 11.15-க்குப் போன் செய்ய ஆரம்பித்தேன். முதல் போனில் நாக்கு ஒட்டிக்கொண்டது, மாமா பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஆறு பேர் வேண்டாம் என்றார்கள், மூன்று பேர் எடுக்கவில்லை. இரண்டு பேர் மே மாதம் பேசச் சொன்னார்கள்.

தபாலில் அனுப்பிய ஒருவர் அவரே கூப்பிட்டார். கோவையில் 30 பேர் வேலை செய்யும் இடம். "அந்த 61 மோட்டார் பட்டியலில் கெப்பாசிட்டர் போனது எத்தனை?" என்று எடுத்ததும் கேட்டார். ஒன்பது என்றேன். எந்த ஊர் மோட்டார்கள் என்றார். கால் மணி நேரம் மோட்டாரைப் பற்றித்தான் பேசினோம், என் மதிப்பெண்ணைக் கேட்கவே இல்லை. ஜூன் 1 முதல் நான்கு வாரம். மாதம் 3,000, மத்தியானச் சாப்பாடு, ஆலைக்குப் பின்னால் இருக்கும் பணியாளர் அறையில் தங்கல். சாப்பாட்டையும் தங்கலையும் நான்தான் கேட்டு வாங்கினேன். சிவப்புத்துண்டு அண்ணா, உங்கள் பதிவைப் படிக்காமல் இருந்தால் கேட்டிருக்க மாட்டேன்.

கொங்குப்பட்டறை | மார்ச் 22, இரவு 9.00

சந்தோஷம் தம்பி. சேஃப்டி ஷூ கொடுப்பார்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் வாங்கிக்கொண்டு போங்கள். செருப்போடு பட்டறைக்குள் இறங்காதீர்கள். தளர்ந்த சட்டை, கையில் கயிறு, மோதிரம் எதுவும் வேண்டாம். பாக்கெட் நோட்டு ஒன்று.

சாத்தூர்ப்பையன் | ஜூன் 6, இரவு 9.50

முதல் வாரம் முடிந்தது. டெஸ்டிங் பெஞ்சில் விட்டிருக்கிறார்கள். வால்வை ஒவ்வொரு நிலையிலும் திருகி, ஹெட் (பம்ப் தண்ணீரை ஏற்றும் உயரம்), தண்ணீர் அளவு, ஆம்பியர் மூன்றையும் எழுத வேண்டும். கூட இருக்கும் அண்ணன் இருபது வருட அனுபவம், சத்தத்தை வைத்தே பேரிங் சரியில்லை என்று சொல்கிறார். கழற்றிப் பார்த்தால் அப்படியே இருக்கிறது. எனக்கு இன்னும் அந்தச் சத்தம் பிடிபடவில்லை. ஒரு ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டார் பாடியில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்கச் சொன்னார். நேற்று ஒன்றில் லேசாக ஏதோ உரசுவது கேட்ட மாதிரி இருந்தது. நாளைக்கு அதைக் கழற்றுகிறோம்.